அலுமாரிக்குள் கறுத்த டீசல்

"1961 ஆகஸ்ட் 4, வெள்ளி. டீசல் மாதிரி, ஒரு போத்தல். தேன் நிறம்."

என் குறிப்பேட்டில் நானே எழுதிய இந்த வரி ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கப் பார்த்தது.

அப்போது நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். டீசல் பீப்பாய்கள் வந்திறங்கும் நாளில் ஒரு போத்தல் மாதிரி எடுத்து, வாயை அரக்கால் அடைப்போம். சூடு ஆறுமுன், தொழிற்சாலை இஞ்சினை ஓட்டும் டிரைவர் அதில் பெருவிரலைப் பதிப்பார். அந்த விரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. அலுமாரிச் சாவி என்னிடம் இருக்கும்.

நவம்பரில், வடிகட்டியில் பிசின் அடைத்து இஞ்சின் நின்றுபோனது. அலுமாரியைத் திறந்தோம். ஆகஸ்ட் போத்தல் கறுத்திருந்தது. அரக்கு உடையவில்லை. தழும்பும் அப்படியே இருந்தது.

"பூட்டின அலுமாரிக்குள்ள எண்ணெய் தானாக் கறுக்குமே? பேய் வந்து மாத்தினதோ?" என்றார் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர். நல்ல டீசலை விற்றுவிட்டு, சாவியை எப்படியோ எடுத்து மாதிரியையும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது அவருடைய சந்தேகம். மறுபடி அரக்கில் அந்தத் தழும்பைப் பதிக்கக்கூடியவர் டிரைவர் ஒருவர்தான். அவருடைய வேலை போனது. மாதக் கடைசிக்குள், தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்து அறையையும் விட வேண்டும். அவர் என்னிடம் வந்தார்.

"கிளாக்கரய்யா, நாலு புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போறதுங்க? தேன் நெறம்னு நீங்க எழுதாட்டி என்னைய யாரு கேக்கப் போறா?"

தோட்டத்தை நடத்தும் துரையிடம் மன்றாடி, போத்தலைக் கொழும்பு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பவைத்தேன். எண்ணெய் விற்றவர்கள் அதே சரக்கிலிருந்து குளிரில் வைத்திருந்த மாதிரியையும் அங்கே சோதித்தார்கள். பதிலோடு இரண்டு நீண்ட வரைதாள்கள் வந்தன. எண்ணெயிலிருந்து நைதரசன் சேர்மங்களைப் பிரித்து, ஆவியாக்கி, வாயுவோடு நீண்ட குழாய்க்குள் செலுத்துவார்களாம். ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். கருவியின் பேனா வரைதாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு வரையும். முகட்டின் பரப்பே அதன் அளவு.

ஒரு மாதிரி தெளிவு, மற்றது கறுப்பு. முகடுகளோ ஒரே இடங்களில், ஏறக்குறைய ஒரே பரப்பில் நின்றன. இச்சேர்மங்கள் மிகுந்த டீசல் யாரும் தொடாமலே நாளடைவில் கறுத்துப் பிசினாகும் என்றது கடிதம். டிரைவர் வேலைக்குத் திரும்பினார்.

அன்று மத்தியானம் அவரும் நானும் அலுமாரியை ஒழுங்குபடுத்தினோம். பின்வரிசையில் இன்னொரு போத்தல் இருந்தது. துண்டுச்சீட்டில் என் கையெழுத்து. அதே ஆகஸ்ட் 4. உள்ளே தேன் நிறம்.

அவர் அரக்கைத் தடவிப் பார்த்தார். தழும்பு இல்லை.

"இது என் வெரலு இல்லீங்க. எழுத்து உங்களுதுதானுங்களே?"

"என்னுடையதுதான்."

"அப்ப அங்கனயே வச்சிருங்கய்யா."

கறுக்காத இதையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், கறுத்தது மாற்றி வைத்ததோ என்று அவருடைய வழக்கு மறுபடி திறக்கும். வைத்துப் பூட்டினேன். அன்று ஒரு போத்தல் மட்டுமே எடுத்ததாகக் குறிப்பேடு சொல்கிறது. இரண்டாவதை நிரப்பியவர் யார் என்பதை நான் இன்றுவரை உறுதிசெய்யவில்லை.