தகரத்தில் பட்ட கம்பி

அருளப்பு இறந்துவிட்டார் என்று ஊர்காவற்றுறை பஸ்ஸில் வந்த அவருடைய மருமகன் சொன்னபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். மறு கன்னத்தையும் வழித்து முடித்த பிறகுதான் அழுதேன். நான் அப்படிப்பட்டவன்.

அவருடைய ஊரான கரம்பொனில் அவரை அறிந்தவர்களுக்கே இதை எழுதுகிறேன். நெடுந்தீவில் படகுச் சங்கத்தின் வயர்லெஸ் கொட்டிலில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஆபத்து நேரத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து இயந்திரப் படகை அழைக்க அந்த வயர்லெஸ் பெட்டி ஒன்றுதான் இருந்தது. பெட்டியிலிருந்து ஏரியலுக்கு இரட்டைக் கம்பி இழுப்பதில் அருளப்புவை மிஞ்ச ஆளில்லை. கூரைக்குப் போடும் பனஞ்சிலாகையைச் சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, மாதா கோயில் மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கி, ஈரம் ஏறாதிருக்க அதில் காய்ச்சி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே முழத்துக்கு ஒன்றாகக் கட்டுவார். இடைவெளி எங்கும் மாறக் கூடாது. "ரெண்டும் ஒண்டையொண்டு பார்த்துக்கொண்டு போகவேணும். மூண்டாவது ஆள் கிட்ட வரப்படாது" என்பார். மூன்றாவது ஆள் என்றால் இரும்பு, தகரம், ஈரச் சுவர். அதில் பட்டால் பேச்சு அக்கரைக்குப் போகாது.

ஒரு மார்கழியில் காற்று கம்பியை அறுத்தது. அருளப்பு பின்னறையில் காய்ச்சலாகக் கிடந்தார். "கூரைக்குத் தள்ளி ஒரு கம்பம் நட்டு, அதில கட்டும்" என்று படுத்தபடியே சொன்னார். மழையில் கல்லுத் தரையைத் தோண்ட எனக்குப் பஞ்சி, சோம்பல். தகரக் கூரையோரமாகவே இழுத்துக் கட்டினேன். சோதித்தபோது பெட்டி பேசியது. நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் விடியலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்காக நின்றது. கொட்டுகிற மழையில் கம்பி தொய்ந்து, நனைந்த தகரத்தில் கிடந்திருக்கிறது. அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றப் படகு வேண்டி, நான் பெட்டியின் முன் இருந்து விடாமல் கூப்பிட்டேன். அக்கரையில் யாருக்கும் கேட்கவில்லை. காரணம் புரிந்து கம்பியைத் தூக்கிக் கட்டியபோது மத்தியானமாகிவிட்டது. தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

சங்கம் விசாரித்தது. நான் வாய் திறக்குமுன் அருளப்பு எழுந்து, "நான்தான் கட்டினனான்" என்றார். வெளியே வந்து அவர் கையைப் பிடித்தேன்.

"உமக்கு மூண்டு தங்கச்சிமார். எனக்குக் கடல் கிடக்கு. பேசாமல் இரும்."

பேசாமல் இருந்தேன். அவர் வேலையை இழந்து வலை இழுக்கப் போனார். செத்தவளின் கணவன் அவரைக் கண்டால் காறித் துப்புவான். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். என் தங்கைமார் மூவருக்கும் கலியாணம் முடிந்தது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம்.

அருளப்புவின் செத்தவீட்டில் ஒரு பெண், "நல்ல மனுசன்தான். ஆனால் அந்தப் பாவம் ஒண்டு..." என்று இழுத்தாள். அப்போதும் கதிரையில் உட்கார்ந்தபடி வாய்மூடி இருந்தேன்.

அவருடையதென்று என்னிடம் இருப்பவை மெழுகு ஊறிய ஒரு பனந்துண்டும் அவருடைய நல்ல பெயரும். பனந்துண்டை வைத்துக்கொள்கிறேன். அந்தக் கம்பியைக் கட்டியவன் நான்.