அணைக்கு இந்தப் பக்கம்

பருத்தித்துறையில் கடலோரக் கல்லணையை ஒட்டி நிற்கிறேன். தோளில் என் கைக்குழந்தை அழுகிறாள். புத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து அவள் தூங்கவில்லை. பல் முளைக்கிற நேரத்தில் கடல் காட்டக் கொண்டுவந்தது பிழையோ? அலை கற்களில் மோதும்போதெல்லாம் அவள் காதைப் பொத்துகிறேன்.

பூவரசின் கீழே ஒரு பெண் வலையிலிருந்து மீன் கழற்றுகிறாள். மரத்துக்கும் வள்ளத்துக்கும் இடையே சேலையால் ஏணை கட்டியிருக்கிறாள். அந்தத் தொட்டிலில் தூங்கிய அவளுடைய மகன் விழித்துவிட்டான், மணலில் தவழ்கிறான்.

"காதைப் பொத்தாதேயும், தங்கச்சி. அணைக்கு இஞ்சாலை சத்தம்தான் வரும், தண்ணி வராது. உந்த ஏணையிலை போடும்."

"பயந்து எழும்பமாட்டாளோ, அக்கா?"

"என்ரை மகன் கடல் அடங்கினால்தான் எழும்பி அழுவான்."

சேலையில் மீன் வாசம் அடிக்கிறது. தயங்கித் தயங்கி மகளைக் கிடத்துகிறேன். பெரிய அலையொன்று அணையில் அறைந்து என் கழுத்தை நனைக்கிறது.

"தண்ணி வராதெண்டியள்!"

"உது தண்ணியோ? தூவானம்!" அவள் சிரிக்கிறாள்.

குனிந்து பார்க்கிறேன். என் சட்டையைப் பிடித்திருந்த குட்டி விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. மகள் தூங்கிவிட்டாள்.

தெருவில் புத்தூருக்குத் திரும்பும் எங்கள் பஸ் ஹோர்ன் அடித்துப் புறப்படுகிறது. நான் ஏணையை மெல்ல ஆட்டிக்கொண்டு நிற்கிறேன்.