சுங்கத்தில் பிரித்த வளையம்

காலை பதினொன்று பத்துக்கு மெட்ராஸிலிருந்து டிரங்கால் வந்தது. அது நல்ல செய்திதான் என்று முதலில் நினைத்தேன்.

தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். காப்பித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கும் சின்னக் கம்பெனி. வெளிநாட்டிலிருந்து வரும் உதிரி பாகங்களுக்கான சுங்க வேலை என்னுடையது. இருந்த ஒரே ஹெலிகாப்டருக்கு மெக்கானிக் என் மகன்.

அதன் எண்ணெய்ப் பெட்டிக்கு வரவேண்டிய ஒரு சீல், உள்ளங்கை அகல ரப்பர் வளையம், சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் பாகம் என்றால் தீர்வை குறைவு, ரப்பர் சாமான் என்றால் அதிகம். தண்ணீர் பம்புக்கும்கூட இந்த வளையம் போகுமே என்று அதிகாரி கேட்டார். நாங்கள் எழுதியனுப்பிய விளக்கம் எதுவும் எடுபடவில்லை. மழைக்கு முன் மருந்து அடித்தாக வேண்டும் என்று முதலாளி தவித்துக்கொண்டிருந்தார்.

டிரங்காலில் எங்கள் சுங்க ஏஜென்ட் உற்சாகமாகப் பேசினார். "ஜெயிச்சுட்டோம்மா. பொட்டலத்தைப் பிரிச்சு அவர் கையிலயே வச்சுட்டேன். வளைச்சுப் பார்த்தார், நகத்தால சுரண்டிப் பார்த்தார். ஓரத்துல இருந்த நம்பர் நாம அனுப்பின படத்தோட ஒத்துப்போச்சு. ஹெலிகாப்டர் பார்ட்டுதான்னு கையெழுத்துப் போட்டுட்டார்."

தயாரித்தவர்கள் ஒட்டியனுப்பிய உறையை, மாட்டப்போகும் மெக்கானிக்தான் பிரிக்க வேண்டும். மற்றவர் கை பட்டதை மாட்டக்கூடாது. ஒரு நகக்கீறல் இருந்தாலும் அதன் வழியே எண்ணெய் கசியும். ஹெலிகாப்டர் பாகம் என்று சுங்கம் ஒப்புக்கொண்டபோது, அது ஹெலிகாப்டருக்கு ஆகாததாகிவிட்டிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். "ரப்பர் என்ன பாலா மேடம், திறந்து வச்சா திரிஞ்சு போறதுக்கு?" என்றார். மறுநாள் ரயில் பார்சலில் வந்ததை அவரே வாங்கி, ஜீப்பில் ஹெலிகாப்டர் நிற்கும் மைதானத்துக்குக் கொண்டு போனார்.

புதிய பாகம் மாட்டினால், மாட்டிய மெக்கானிக் முதல் ஓட்டத்தில் பைலட்டோடு கூட ஏறுவான். அது அவர்கள் வழக்கம். ஏறாவிட்டால் பைலட் கிளப்ப மாட்டார். எனக்கு வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. மைதானத்தில் போன் கிடையாது. டைப்ரைட்டரில் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். அவ்வளவு தூரம் வர ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள். நஞ்சன்கூடு பஸ்ஸில், இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன். வழியில் கைகாட்டியவர்களுக்கெல்லாம் பஸ் நின்றது.

கேட்டில் காவலாளி விடவில்லை. மெக்கானிக்கின் அம்மா என்றேன். அம்மா என்றால் இன்னும் மோசம், உள்ளே போய் அழுது வேலையைக் கெடுப்பீர்கள் என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். நீங்களாவது போய் அவனைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். கேட்டை விட்டு நகர்ந்தால் தன் வேலை போய்விடும் என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷெட்டுக்குப் பின்னால் விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

ஹெலிகாப்டர் எழும்பியது. கண்ணாடிக்குள் இரண்டு தலைகள். எது அவனுடையது என்று தெரியவில்லை. எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றவில்லை. அதன் வயிற்றையே பார்த்தேன், அங்கிருந்து அந்த வளையம் எனக்குத் தெரியும் என்பதுபோல. இப்போதும் வீட்டில் மின்விசிறி வேகம் எடுக்கும்போது என் கை பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு சுற்றுகூட முடியவில்லை. சட்டென்று தாழ்ந்து, ஷெட்டைத் தாண்டி எங்கோ மறைந்தது. சத்தம் நின்றது. காவலாளி சிரிப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றார். பிறகு, நான் கேட்காமலேயே கேட்டைத் திறந்தார். நான் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

வெகுநேரம் கழித்து மகன் நடந்து வந்தான். சட்டை முழுக்க எண்ணெய். என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை.

"கசிஞ்சுதும்மா, உடனே இறக்கிட்டோம்," என்றான். "முதலாளி உறை இல்லாமத்தான் கொண்டுவந்து கொடுத்தார். மாட்ட மாட்டேன்னேன். நீ இல்லேன்னா வெளியாள் மாட்டுவான்னார். பைலட்டை அப்படி அனுப்ப எனக்கு மனசு வரல, நானே மாட்டிக் கூட ஏறிட்டேன்." கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "அடுத்ததை ரப்பர்னே எழுதி வாங்கும்மா. தீர்வை எவ்வளவு வேணா கட்டட்டும். பிரிக்காம வந்தா போதும்."