நேற்றைய டோக்கன்கள்

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முதலாளியைச் சேர்த்து நான்கு பேர். ஆழ்வார்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து மூன்று வருடம் அங்கே சி மொழியில் புரோகிராம் எழுதினேன். எழுதியதில் ஒன்றை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு டோக்கன் கூப்பிடும் ஏற்பாடு அது. ஒரே கணினியில் இரண்டு புரோகிராம்கள். ஒன்றில் கவுண்டர் பெண் நோயாளியின் பெயரையும் எண்ணையும் பதிவாள். மற்றது அதை வாங்கி ஒலிபெருக்கியில் கூப்பிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் இன்னொன்றின் நினைவகத்துக்குள் கை விட முடியாது. அதனால் நடுவில் ஒரு செய்தி வரிசை வைத்தேன். முதலாவது அதில் போடும், இரண்டாவது எடுக்கும். அந்த வரிசை இரண்டுக்கும் சொந்தமில்லை, கணினியின் பொறுப்பில் இருப்பது. எடுக்க வேண்டிய புரோகிராம் செத்துப்போனாலும் போட்ட செய்திகள் அப்படியே கிடக்கும். கணினியை அணைத்தால்தான் போகும், இல்லையென்றால் நாமே அழிக்க வேண்டும்.

அது எனக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிடும் புரோகிராம் தொடங்கும்போதே பழைய செய்திகளை அழிக்க ஒரு வரி எழுதியிருந்தேன்.

மருத்துவமனைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டிய நாளில் முதலாளி அவசரத்தில் பத்துப் பெயர்களை முதலில் பதிந்துவிட்டு, கூப்பிடும் புரோகிராமைப் பிறகு தொடங்கினார். என் வரி பத்தையும் அழித்துவிட்டது. ஒலிபெருக்கி ஊமையாக நின்றது. அலுவலகம் திரும்பியதும் குதித்தார்.

“அந்த வரியத் தூக்கிரும்மா. மானம் போச்சு.”

“தூக்குனா பழசெல்லாம் தங்கிரும் அண்ணாச்சி. ஒவ்வொரு செய்தியிலயும் நேரத்தச் சேத்து, பழசா இருந்தா விட்டுருத மாதிரி எழுதணும். அரை நாள் ஆகும்.”

“அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்.”

வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அத்தோடு அது செயலற்றுப்போனது. பிறகு யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் அங்கே கூப்பிடும் புரோகிராம் நின்றுபோனது. கவுண்டர் பெண் எழுந்து நின்று வாயாலேயே பெயர்களைக் கத்திச் சமாளித்திருக்கிறாள். பதிவதை மட்டும் நிறுத்தவில்லை. மறுநாள் காலை முதலாளி என்னை அங்கே அனுப்பினார். இரவு பகலாக ஓடும் அந்தக் கணினியை அணைக்காமல், நின்றுபோன புரோகிராமை மட்டும் மறுபடி ஓட்டினேன்.

கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஒலிபெருக்கி நேற்றுக் கிடந்த பெயர்களை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தது. யாரும் எழவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்துவதற்காக விசைப்பலகையில் கை வைத்தபோது நான்காவதோ ஐந்தாவதோ பெயர் வந்தது, ஒரு பெண்ணின் பெயர். கவுண்டரில் ஏதோ காகிதத்துக்காக நின்றிருந்த பெரியவர் திரும்பி டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இப்பந்தான் கூப்பிடுதியளா?”

புரோகிராமை நிறுத்தினேன்.

“நேத்து அந்த மாடிப்படி பக்கத்துல மூணு மணி நேரம் உக்காந்திருந்தா. நெஞ்சு வலிக்குன்னா. கூப்பிடுவாக, பைய இருன்னு நாந்தான் சொன்னேன்.”

ராதாபுரம் பக்கத்துக்காரர். முந்தின நாள் சாயங்காலம் இறந்துபோன மனைவியின் இறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்தார். கவுண்டர் பெண் கத்தியது மாடிப்படிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பெரியவர் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் முதலாளி வந்து மருத்துவமனை மேனேஜரோடு அறைக்குள் போனார். வெளியே வரும்போது கதை தயாராக இருந்தது. கவுண்டர் பெண் முந்தின நாள் சாயங்காலம் புரோகிராமை முறையாக மூடவில்லையாம், அதனால்தான் பழைய பெயர்கள் வந்தனவாம். அவளிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்கள். என் கவனக்குறைவால் என்று தொடங்கி அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது என்னை ஒரு முறை பார்த்தாள். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

அன்றே, பழைய செய்திகளை நேரம் பார்த்து விட்டுவிடும்படி புரோகிராமைத் திருத்தினேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்தார். முதலாளி பஜ்ஜி வரவழைத்தார். தின்றுகொண்டே அவரிடம், “நம்ம புரோகிராம் லேசுப்பட்டதில்லவே. செத்தவளையே பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கு, பாத்துக்கிடும்” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் மாவுத்துணுக்கு மேசையில் தெறித்தது. அதைப் புறங்கையால் தள்ளிவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தார். வந்தவரும் சிரித்தார். என் முன்னாலும் ஒரு தட்டு இருந்தது. பாதி தின்றிருந்தேன். எழுந்து பின்கட்டுக்குப் போய்த் துப்பினேன். எவ்வளவு கொப்பளித்தும் அந்த எண்ணெய் நாக்கை விட்டுப் போகவில்லை.

அங்கிருந்தே பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனேன். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் போட்ட இரண்டு சாய்கோட்டையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“இத எங்கயும் எழுத்துல குடுத்துராதிய. அந்தப் பிள்ளைய பழைய இடத்துக்கே போட்டுருதேன். சரியா?”

இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத்தில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. முதலாளியைப் பார்த்து வந்த குமட்டலில் பாதி என்னைப் பார்த்தும்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். அவர் அதே புரோகிராமை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

பிறகொரு நாள் அம்மாவின் காய்ச்சலுக்காக அதே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. கவுண்டரில் அவள்தான் இருந்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

“நீங்க சொன்னிய, எடம் திரும்பக் கெடைச்சிட்டு. நல்லதுதாங்க்கா” என்றாள். அம்மாவின் பெயரைப் பதிந்தபடியே, குரலை உயர்த்தாமல், “நான் கையெழுத்து போடையிலயே சொல்லியிருக்கலாம்லா?” என்றாள்.

டோக்கனைக் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரின் பெயரைக் கேட்டாள்.