எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இறங்கவும்

டால்பினோடு நீந்த வருகிறவர்களைத் தண்ணீரில் இறக்குவது சுலபம். இறங்குவதற்கு முன் அவர்கள் மேல் இருப்பதையெல்லாம் கழற்ற வைப்பதுதான் பெரும்பாடு. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்தவர்கள், பரீட்சை ஹால் வாசலில் சட்டைப்பை தடவியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் கட்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஹாம்பர்க்கில் படித்துக்கொண்டிருந்த நான், இரண்டு கோடை விடுமுறைகளில் இந்த வேலை பார்த்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு விடுமுறைப் பூங்கா. அதில் கூரை போட்ட உப்புநீர்க் குளம். குளத்தில் லோட்டே என்று ஒரே ஒரு பெண் டால்பின். கடைசிக் காட்சி முடிந்ததும் தினம் ஐந்து பேர் அவளோடு பத்து நிமிடம் நீந்தலாம். எனக்குப் பிறவியிலேயே மெல்லிய குரல். நான் சொல்வது பாதிப் பேருக்குக் கேட்காது. கேட்டவர்கள் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊறுகாய் ஜாடி

பயிற்சியாளர் ஹெல்கா ஐம்பது வயதுப் பெண்மணி. வேலுச்சாமி என்ற என் பெயரை முதல் நாளே வெட்டி, 'சாமி' என்று ஆக்கிவிட்டார். மேசை, டோக்கன், சாமான் வைக்கும் தகரப் பெட்டிகள் எல்லாம் காட்டிய பிறகு, அலமாரியிலிருந்து ஓர் ஊறுகாய் ஜாடியை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே ஹேர்பின்கள், ஒரு கோட்டுப் பொத்தான், கைக்கடிகார வார், ரப்பர் வாத்தின் தலை. "லோட்டேக்கு முன்னால் இங்கே இருந்த ஆண் டால்பினின் வயிற்றிலிருந்து எடுத்தது" என்றார்.

"எடுத்தபோது உயிரோடு இருந்ததா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். ஜாடியைக் கீழே வைத்தேன். அப்புறம், வாளி வாளியாக மீன் போட்டும் இதையெல்லாம் ஏன் தின்றது என்று கேட்டேன்.

"தின்னவில்லை, சாமி. விளையாடிக்கொண்டே இருந்தான், விழுங்கிவிட்டான்."

சோப்பு

ஒரு நாள் தாட்டியான அம்மாள் ஒருவர், கணவரோடு வந்தார். கணவர் நீந்தவில்லை, கழுத்தில் கேமரா. அம்மாளின் கல்யாண மோதிரம் விரலோடு விரலாகப் பதிந்துபோயிருந்தது. கழற்றாமல் இறங்க முடியாது என்றேன். கழற்ற முடியாது என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் உள்ளே போய்ச் சோப்புக்கட்டி எடுத்து வந்து, நனைத்து, நுரை கட்டி, மெதுவாகத் திருகினேன். சுழன்று சுழன்று வந்துவிட்டது.

அம்மாள் வெள்ளைத் தழும்பு விழுந்த விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் மோதிரத்தைத் துடைத்துப் பெட்டியில் போட்டேன். அவர் கணவர் பக்கம் திரும்பி, கூடமே கேட்கும்படி சொன்னார்:

"இருபத்தாறு வருஷமாக வழி தெரியாமல் இருந்தேனே, ஒரு சோப்பு போதும் என்று யாராவது சொன்னீர்களா!"

பெட்டியில் அடங்காதது

இன்னொரு நாள் ஒரு பெரியவர். கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பல்செட் என்று நான் கேட்கும் முன்பே வரிசையாக எடுத்து வைத்தார். இப்படி எல்லோரும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பெட்டியை மூடப்போனேன். "பொறு" என்று பெஞ்சில் உட்கார்ந்து, குளியல் அங்கியை விலக்கி, இரண்டு வாரை அவிழ்த்து, முழங்காலுக்குக் கீழே இருந்த காலை அப்படியே எடுத்து மேசைமேல் கிடத்தினார். சாக்ஸும் ஷூவும் போட்ட கால். என் கையிலிருந்த டோக்கன்கள் தரையில் சிதறின.

பெட்டி போதவில்லை, என் நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் டோக்கனை வாங்கி எண்ணை இரண்டு தரம் பார்த்தார்.

"பத்திரம், தம்பி. இதற்கு முன்னால் இருந்ததை ரஷ்யப் போர்முனையில் டோக்கன் வாங்காமல் விட்டுவிட்டு வந்தேன்."

சிலுவை

என் அறைத்தோழன் ஜெபராஜ், தூத்துக்குடிக்காரன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்தான். டால்பினுக்கு அவன் ஊர்ப் பெயர் ஓங்கில். வரிசையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். "ஏலே, எங்க ஊர்ல வலைக்குள்ள ஓங்கில் விழுந்தா, வல போச்சேன்னு தலையில அடிச்சிக்கிடுவோம். இங்க அது பக்கத்துல நிக்கதுக்கு க்யூவா!"

அன்று ஐந்தாவது ஆள் வரவில்லை. ஹெல்கா அவனை இறங்கச் சொன்னார். கழுத்தில் சங்கிலி இருந்தது. கழற்று என்றேன். "இது சிலுவைலே!" என்றான். யாருடைய சாமியாக இருந்தாலும் பெட்டிக்குள்தான் என்று சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டே கழற்றிப் போட்டான்.

"ஆண்டவருக்கே டோக்கன் போட்டுட்டியே, நீ வெளங்குவியா?"

என் இடுப்பு

இரண்டாம் கோடையில், ஒரு சாயங்காலம், நீந்திக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. முங்கி எழுந்து தவித்தார். ஹெல்கா எதிர்க் கரையில் இருந்ததால் நான் குதித்தேன். கையில் கடிகாரம் இல்லை, மோதிரம் இல்லை, நீச்சல் உடை மட்டும்தான். அவர் பயத்தில் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். எப்படியோ கரை சேர்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

படியேறும்போது இடுப்பு வெறுமையாக இருந்தது. என் அரைஞாண் கயிறு! அதில் கோத்த வெள்ளித் தாயத்து! விமானம் ஏறுமுன் அம்மா கட்டிவிட்டது. அதை ஒரு சாமான் என்று நான் என்றைக்குமே நினைத்ததில்லை. மூக்கு, காது மாதிரி அதுவும் உடம்பு. திரும்பிப் பார்த்தேன். லோட்டே அந்தக் கறுப்புக் கயிற்றை மூக்கால் தூக்கி எறிந்தாள், பிடித்தாள், மறுபடி எறிந்தாள். அடுத்த தரம் பிடித்ததும் வாயை மூடிக்கொண்டாள். கயிற்றைக் காணோம்.

என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஜாடியில் இன்னொரு சாமான். "ஹெல்கா, லோட்டே விழுங்கிவிட்டாள்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். கூரை அதிர்ந்தது.

குளத்து நீரை முழங்கால் மட்டத்துக்கு இறக்கினார்கள். மிருக வைத்தியர் வந்தார். லோட்டேயின் தொண்டையைப் பார்த்தார், தன் பருத்த கையைப் பார்த்தார், பிறகு என் குச்சிக் கையைப் பார்த்தார். தோள்வரை எண்ணெய் பூசினார்கள். ஈரத் துண்டுகளால் இருவர் தாடைகளை விரித்துப் பிடிக்க, நான் கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பு, மீன் கூழ், அதற்கும் கீழே வழுக்கும் சதை. லோட்டேயின் கண் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் திறந்தே இருந்தது. தோள் பல்லில் இடிக்கும்வரை விட்ட பிறகு விரலில் கயிறு தட்டியது. இழுத்தேன்.

மறுநாள் காலை லோட்டே வழக்கமான மீனையெல்லாம் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். என் வேலையும் போகவில்லை. ஆனால் முந்தின சாயங்காலம், குளத்துத் தரையில் நான் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஹெல்கா தாயத்தைக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். ஆபத்து வராமல் காப்பதற்கு அம்மா கட்டியது என்றேன்.

"யாருக்கு?"

ஆக, இரண்டு கோடைகளில் வரிசையில் வந்தவர்களின் பல், கால், கடவுள் வரை கழற்றி வாங்கிய நான் சோதிக்காமல் விட்ட ஒரே ஆள், டோக்கன் மேசைக்குப் பின்னால் நின்றவன்தான்.