கறித்தூளுக்கு ஓர் ஆங்கில வகுப்பு

அப்பாவும் அம்மாவும் கதைக்காமல் விட்டு ஒன்பது நாள். மன்னாரிலிருந்து பெரியம்மா வறுத்து இடித்து அனுப்பிய கறித்தூளை அப்பா மாதா கோயில் திருவிழாச் சமையலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வீட்டில் சேதி சுமந்தது ஏழு வயது நான். "பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, சோறு மேசையில கிடக்கு" என்பார் அம்மா. அப்பா அந்த மேசையில்தான் இருப்பார். இனி இப்படியே போய்விடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

அந்த ஞாயிறு, இத்தாலியில் ஒரேத்தோ பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த சீன அன்ரி எழுதுகிற கொப்பியோடு வந்தார். இங்கிலாந்திலிருந்த தங்கச்சியிடம் போக ஆயத்தமானவர். கொழும்பு ஹோட்டலொன்றில் வேலை பார்த்த அப்பாதான் அவருக்கு ஆங்கில வாத்தியார். அப்பாவின் இத்தாலியன் சந்தையோடு சரி. ஆகவே மொழிபெயர்ப்பும் என் தலையில்.

அன்றைய சொல் 'ஸொரி'. ஃபோன் இதற்கு நாலு சீனச் சொல் காட்டுகிறது, எது சரி என்று கேட்டார் அன்ரி. நாலும் சரிதான் என்றார் அப்பா. பஸ்ஸில் இடித்தாலும் ஸொரி, காது கேட்காவிட்டாலும் ஸொரி, செத்த வீட்டிலும் ஸொரி. அன்ரி கோடு கிழித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதினார்.

நாலாவது, பெரிய பிழை விட்டவன் சொல்வதாம். அப்பா குசினிப் பக்கம் திரும்பி, சத்தமாக உதாரணம் சொன்னார்.

"கறித்தூளைக் குடுத்ததுக்கு ஸொரி."

உதவாத உதாரணம். அன்ரி கறித்தூளை எங்கே கண்டார்? இருந்தும் சொன்னேன், எழுதினார்.

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது. "முழுப் பையையும் எண்டு சொல்லச் சொல்லு" என்றார் அம்மா என்னிடம்.

"முழுப் பையையும்" என்றார் அப்பா.

"கேக்காமல் எண்டும்."

"ஓம், கேக்காமல்."

அம்மா கதவடிக்கு வந்தார். "ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்து நல்ல பேர் வாங்குவியள். அக்கா வெயிலுக்கை நிண்டு மிளகாய் காயவைச்சது தெரியுமே உங்களுக்கு?" குரல் உடைந்துவிட்டது.

அன்ரி கொப்பியை மூடினார். கடையில் வேலை இருக்கிறது, வா என்று என்னைக் கையில் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். அங்கே ஒரு வேலையும் இல்லை. குச்சியில் ஐஸ்பழம் ஒன்று தந்து இருத்திவிட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலே போகவேண்டும் என்று அடம்பிடித்தேன். நான் இல்லாமல் அவர்கள் எப்படிக் கதைப்பார்கள் என்று கேட்டேன். அன்ரி இன்னொரு ஐஸ்பழம் எடுத்துத் தந்தார்.