கருவாட்டுப் பொதிக்குள் ஒளித்தது

மகள் படிப்பதற்காக லண்டன் புறப்படுவதற்கு முதல்நாள், அவளது பெட்டியைப் பக்கத்து வீட்டு மீன் முதலாளியின் தராசில் ஏற்றினோம். வாழைச்சேனையில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போகிற பெட்டியெல்லாம் அந்தத் தராசில்தான் ஏறும்.

எடை கூடியிருந்தது. கொஞ்சம் குறைக்கலாமென்று மகள் கருவாட்டுப் பொதியைப் பிரித்தாள். உள்ளே டோர்ச் போல ஒன்று கிடந்தது. ஆளின் மேல் வைத்து அழுத்தினால் கரண்ட் அடிக்கும் கருவி அது.

"என்னம்மா இது?"

"சித்தப்பா அமெரிக்காவிலயிருந்து கொண்டுவந்தவர், மகள். அங்க கடையிலயே விக்கிறாங்களாம். நீ தனியப் போறாய், கையில இருக்கட்டும் எண்டு வெச்சன்."

அவள் போனில் தேடிப் பார்த்தாள். "லண்டன்ல இது சுடுற துவக்குக்குச் சமன், அம்மா. வெச்சிருந்தாலே மறியல்தான், சிறையில போட்டிருவாங்க."

யுத்த காலத்தில், குண்டு செய்ய உதவுமென்று தடைசெய்திருந்த டோர்ச் பற்றரியைக் கொண்டுவந்ததற்காகச் சோதனைச் சாவடியில் வெயிலில் நிறுத்தப்பட்டவள் நான். கொழும்பில் எந்தக் கடையிலும் கிடைத்த பற்றரி, இங்கே வந்ததும் குற்றமானது. அதை அனுபவித்த நானே பிள்ளையின் பெட்டிக்குள் இதை ஒளித்திருக்கிறேன்.

"பயமா இருந்திச்சு, மகள்."

"எனக்கும் பயம்தான். ஆனா என்னட்டக் கேட்டிருக்கலாமே."

கருவியைச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்தோம். இப்போது லண்டனில் அவள் வகுப்பு முடிந்து அறைக்கு நடக்கும்போது எனக்குப் போன் எடுப்பாள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைப்பதில்லை. எந்த நாட்டுச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.